யூதா கோத்திரத்துல பிறந்த இயேசு எப்படி பிரதான ஆசாரியர் ஆனார்?

கேள்விய எனக்குப் புரிஞ்ச மாதிரி ஒருதடவ திருப்பிச் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. மோசேயோட சட்டப்படி ஆசாரியன் ஆகணும்னா லேவி கோத்திரம், அதுலயும் ஆரோன் வம்சம். இயேசு யூதா கோத்திரம். எருசலேம் ஆலயத்துல பலிபீடத்துக்கிட்ட நின்னு அவர் பலி செலுத்தினதா சுவிசேஷத்துல ஒரு வரி கூட இல்ல, அப்போ புதிய ஏற்பாட்டுல இருக்குற எபிரெயர் நிருபம் அவர பிரதான ஆசாரியர்னு சொல்றது எந்தக் கணக்குல, பின்னாடி வந்தவங்க ஒட்டவச்ச பட்டமான்னு கேக்குறீங்க. ஆனா கடைசி வரியில லேசா சொல்லிட்டுப் போனீங்களே, உங்க சபை பாஸ்டர் எபிரெயர் 7-ஐ விரிச்சு வச்சு "நான் மெல்கிசேதேக்கு முறைமையில நிக்குற ஆசாரியன், தசமபாகம் (பத்துல ஒரு பங்கு காணிக்கை) என் கையில தான் வரணும்"னு பிரசங்கம் பண்ணாருன்னு, உங்கள நெசமா உறுத்துறது அதுதான்னு எனக்குத் தோணுது. முதல்ல இயேசுவ பாப்போம், பாஸ்டர் கிட்ட கடைசியா வருவோம்.

நான் ஆயர் இல்ல. இறையியல் படிச்சேன், பதினெட்டு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் ஊழியர் பயிற்சி வகுப்புல புதிய ஏற்பாடு எடுக்குறேன், எபிரெயர் நிருபம் மட்டும் பத்து தடவைக்கு மேல முழுசா நடத்தியாச்சு. கிரேக்கம் வாசிப்பேன், எபிரேயம் அகராதி பக்கத்துல இருந்தா தான் ஓடும். பின்னணி சீர்திருத்த சபை, அந்தச் சாய்வு பதில்ல தெரியும், கத்தோலிக்க நண்பர்கள் பொறுத்துக்கணும்.

முதல்ல வார்த்தையிலயே ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்ல "ஆசாரியன்"னு சொன்னா வைணவ குருமார் ஞாபகம் வரும், நாகர்கோவில் பக்கம் ஆசாரின்னா தச்சு வேலை செய்யுறவர் (அந்த அர்த்தத்துல இயேசு ஆசாரி தான், மாற்கு 6:3 சாட்சி, இந்த ஜோக்க வகுப்புல வருஷா வருஷம் சொல்லி வருஷா வருஷம் நான் மட்டும் சிரிக்கிறேன்). கத்தோலிக்க மொழிபெயர்ப்புல "தலைமைக் குரு"ன்னு வரும், குருன்னாலும் நமக்கு சொல்லிக் கொடுக்குறவர் தான் மனசுல நிக்கிறார். கிரேக்கத்துல இருக்குற ஹியரேயுஸ் போதகர் இல்ல, பலிபீடத்துல வேலை செய்யுறவர். வேலைய மட்டும் பாத்தா நம்ம ஊர் பூசாரிக்குத் தான் அது கிட்ட வருது. மூப்பர், கண்காணி, மேய்ப்பர்னு சபைத் தலைவர்களுக்கு புதிய ஏற்பாட்டுல பல பேர் இருக்கு, ஆனா ஹியரேயுஸ்னு ஒரு சபைத் தலைவரையும் அது கூப்பிடல. இத ஓரமா வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

இப்ப உங்க கோத்திர கேள்வி. இத நீங்க கண்டுபிடிக்கல பிரதர், எபிரெயர் எழுதினவரே போட்டு உடைச்சிருக்கார். 7:14-ல நம்ம கர்த்தர் யூதாவுல இருந்து தான் தோன்றினார், அந்தக் கோத்திரத்தப் பத்தி மோசே ஆசாரியத்துவ விஷயத்துல ஒண்ணும் சொல்லலன்னு வெளிப்படையா எழுதுறார். 8:4-ல இன்னும் ஒரு படி மேல போய், பூமியில இருந்தா இவர் ஆசாரியராவே இருக்க முடியாதுன்னு சொல்றார். எதிராளி கேக்குறதுக்கு முன்னாடி தானே கேட்டுக்கிட்டு பதில் சொல்ற ஆளு அவர். மரியாளோட உறவுக்காரி எலிசபெத் ஆரோன் வம்சம்னு லூக்கா 1:5-லயும் 36-லயும் இருக்கு, அதனால இயேசுவுக்கு அம்மா வழியில லேவி ரத்தம் உண்டுன்னு சிலர் ஒரு வழி கண்டுபிடிப்பாங்க. உறவுன்னு மட்டும் தான் லூக்கா சொல்றார், எப்படி உறவுன்னு சொல்லல, தவிர எபிரெயர் ஆசிரியர் அந்தக் குறுக்குச் சந்துக்குள்ள போகவே இல்ல. அவர் வாதமே வம்சம் தேவையில்லங்கறது தான், அப்புறம் எதுக்கு வம்சத்த தேடுவார்.

எங்க இருந்து எடுக்குறார்னா சங்கீதம் 110-ல இருந்து. அந்த சங்கீதத்தோட முதல் வசனம், என் வலதுபாரிசத்தில் உட்காரும்னு வர்றது, புதிய ஏற்பாட்டுல திரும்பத் திரும்ப வரும், இயேசுவே மாற்கு 12:36-ல அத சொல்லிக் கேள்வி கேக்குறார். எல்லாரும் முதல் வசனத்தோட நிறுத்திக்கிட்டாங்க. எபிரெயர் ஆசிரியர் மட்டும் இன்னும் மூணு வசனம் கீழ போய் வாசிச்சார், அங்க அதே ராஜாவப் பாத்து, நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியர்னு கர்த்தர் ஆணையிட்டு சொல்றார். ராஜாவா உக்கார வச்ச அதே ஆளுக்கு ஆசாரியப் பட்டமும் அதே பாட்டுல இருக்கு. இயேசுவ நேரடியா ஆசாரியர்னு பேர் சொல்லிக் கூப்பிடுற ஒரே புதிய ஏற்பாட்டுப் புத்தகம் எபிரெயர் தான், இதுல சந்தேகமே இல்ல. யோவான் 17-ஐ பிரதான ஆசாரிய ஜெபம்னு சொல்றோமே, அந்தப் பேரு 16-ஆம் நூற்றாண்டு லூத்தரன் அறிஞர் டேவிட் கீத்ரேயுஸ் வழியா பரவினது, யோவான் வச்ச பேரு இல்ல. யோவான் 19-ல வர்ற தையலில்லாத அங்கி பிரதான ஆசாரியனோட அங்கிய குறிக்குதுன்னு சொல்றது அழகா இருக்கும், இருக்கலாம், ஆனா அது ஊகம். வெளிப்படுத்தல் 1:13 நீள அங்கியும் அப்படித்தான்.

சரி, யாரு இந்த மெல்கிசேதேக்கு? ஆதியாகமம் 14-ல மூணே வசனம். ஆபிராம் (பின்னாடி ஆபிரகாம்னு பேரு மாறினவர்) சண்டை முடிஞ்சு அண்ணன் மகன் லோத்த மீட்டுக்கிட்டு திரும்பி வர்றார், சாலேமோட ராஜா ஒருத்தர் அப்பமும் திராட்சரசமும் கொண்டு வந்து ஆசீர்வாதம் பண்றார், அவர் உன்னதமான தேவனுடைய ஆசாரியர், ஆபிராம் அவருக்கு எல்லாத்துலயும் பத்துல ஒரு பங்கு கொடுக்குறார், முடிஞ்சது, ஆள் காணாமப் போயிடறார். அப்பா யாரு, எப்ப பிறந்தார், எப்ப செத்தார், ஒண்ணும் இல்ல. ஆதியாகமம் யார விட்டாலும் வம்ச வரலாற விடாத புத்தகம், அதுல இந்த ஆளுக்கு மட்டும் வெறும் மௌனம். அந்த மௌனத்துல தான் எபிரெயர் ஆசிரியர் வாதத்தக் கட்டுறார். தகப்பன் இல்லாதவன், தாய் இல்லாதவன், வம்சவரலாறு இல்லாதவன்னு அவர் சொல்றது ஆள் வானத்துல இருந்து குதிச்சார்ங்கற அர்த்தத்துல இல்லன்னு தான் நான் வாசிக்கிறேன், ஏன்னா லேவி ஆசாரியனுக்கு வம்ச ஏடு தான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். எஸ்றா 2:62 பாருங்க, பாபிலோன்ல இருந்து திரும்பி வந்த சில குடும்பங்களுக்கு வம்ச அட்டவணையில பேரு கிடைக்கல, உடனே ஆசாரியத்துவத்துக்கு விலக்கானவங்கன்னு தள்ளி வச்சுட்டாங்க. அப்படிப்பட்ட உலகத்துல ஏடே இல்லாத ஒருத்தர வேதாகமம் ஆசாரியன்னு ஒத்துக்கிட்டு, ஆபிரகாமே அவர் முன்னாடி தலை குனிஞ்சு ஆசீர்வாதம் வாங்கிட்டார்னா, லேவிக்கு முந்தி வேற ஒரு வரிசை இருந்திருக்கு. ஆபிரகாமோட கொள்ளுப்பேரன் லேவி அப்போ ஆபிரகாமோட உடம்புக்குள்ள இருந்தான், அதனால லேவியும் இவருக்கு தசமபாகம் கொடுத்த மாதிரி தான்னு 7:9-10-ல ஒரு போடு போடுறார். இன்னிக்கு நமக்கு இது கொஞ்சம் விளையாட்டா தெரியும், அந்தக் கால வியாக்கியான முறைக்குள்ள அது சரியான அடி.

மெல்கிசேதேக்கு தான் மனுஷனா பிறக்குறதுக்கு முந்தின கிறிஸ்துன்னு பல மேடைகள்ல உறுதியா சொல்லுவாங்க. எனக்கு ஒத்து வரல. 7:3 அவர தேவகுமாரனுக்கு ஒப்பானவன்னு சொல்லுது, ஒப்பானவன்னா அவரே இல்லன்னு தானே அர்த்தம். யூத பாரம்பரியத்துல அவர நோவாவோட மகன் சேம்னு சொல்லுவாங்க, எபிரேய மூலத்துல இருக்குற வயசுகள கூட்டிப் பாத்தா சேம் ஆபிரகாம் செத்ததுக்கு அப்புறமும் 35 வருஷம் உயிரோட இருக்கார், அதனால கணக்கு இடிக்காது, ஆனா அதுவும் மௌனத்த நிரப்புற முயற்சி தான். சாக்கடல் பக்கத்துல இருக்குற கும்ரான் 11-ஆம் குகையில 1956-ல கிடைச்ச சுருள் துண்டுகள்ல ஒண்ணுல மெல்கிசேதேக்கு கடைசிக் காலத்துல நியாயம் தீர்க்கிற பரலோக ஆளா வர்றார், பாவநிவிர்த்தி நாளோட சேத்து. எபிரெயர் ஆசிரியர் அந்தச் சுருளப் படிச்சாருன்னு சொல்ல ஆதாரம் இல்ல, ஆனா அந்தக் காலத்து யூதர்களுக்கு இந்தப் பேரு வெறும் மூணு வசனக்காரர் இல்லங்கறது மட்டும் தெளிவு. அந்தச் சுருள்கள வச்சிருந்த அதே கும்ரான் யூதக் கூட்டம் ஆரோன்ல இருந்து ஒரு மேசியா, இஸ்ரவேல்ல இருந்து ஒரு மேசியான்னு ரெண்டு பேருக்கு காத்திருந்துச்சு, ஆசாரியனும் ராஜாவும் ஒரே ஆளா வர முடியாதுன்னு தான். முடியாதுன்னு நினைக்கிறதுக்கு காரணமும் இருக்கு, ஆசாரியன் மட்டும் செய்யுற தூபம் காட்டுற வேலைய ஆலயத்துல தானே செய்யப் போன யூதா ராஜா உசியாவுக்கு நெத்தியில குஷ்டம் வந்துச்சு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுல மக்கபேயர் குடும்பம் ஆசாரிய குடும்பமா இருந்து ஆட்சியையும் கையில எடுத்தப்போ, அந்தக் குடும்பத்து சீமோன மக்கள் என்றைக்கும் தலைவரும் பிரதான ஆசாரியருமா ஏத்துக்கிட்டாங்க, ஆனா உண்மையான ஒரு தீர்க்கதரிசி வர்ற வரைக்கும்னு ஒரு கண்டிஷனோட, 1 மக்கபேயர் 14:41. அந்த கண்டிஷன்லயே அவங்களோட சங்கடம் தெரியுது.

வம்சம் இல்லன்னா எந்தத் தகுதியில இயேசு ஆசாரியர்? இதுக்கு நிருபத்தோட பதில் 7:16, அழியாத ஜீவன். என் வகுப்புல பாதிப் பேரு இந்த இடத்த தாண்டிப் போயிடுவாங்க, நான் இங்க தான் வண்டிய நிறுத்துவேன். லேவி ஆசாரியன் செத்துப் போவான், அடுத்தவன் வருவான். ஏரோது காலத்துல இருந்து கி.பி. 70-ல ஆலயம் எரியற வரைக்கும் 28 பிரதான ஆசாரியர்கள்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எண்ணி எழுதியிருக்கார், நூத்திச் சொச்சம் வருஷத்துல 28 பேரு, அதுல செத்து மாறினவங்கள விட ஏரோது குடும்பமும் ரோம அதிகாரிகளும் மாத்தி மாத்தி உக்கார வச்சவங்க அதிகம். அந்தச் சூழல்ல இருந்து வந்தவங்களுக்கு மரணம் மாத்த முடியாத, ஆட்சியாளன் இறக்க முடியாத ஒருத்தர்னு சொன்னா காதுல எப்படி விழுந்திருக்கும்னு யோசிங்க. அதனால உயிர்த்தெழுதல் இல்லன்னா எபிரெயர் நிருபத்துல ஆசாரியத்துவமே இல்ல. கல்லறையோட முடிஞ்ச ஒரு மேசியாவுக்கு இந்தப் பட்டம் பொருந்தாது.

ஆலயத்துல அவர் ஒரு பலியும் செலுத்தலையேன்னு கேட்டீங்க. நமக்கு பலின்னதும் கிடா வெட்டு தான் கண்ணு முன்னாடி வரும், வெட்டுறது தான் பலி, ரத்தம் விழுந்தா முடிஞ்சது. லேவியராகமத்துல அப்படி இல்ல. சாதாரண சர்வாங்க தகன பலியில மிருகத்த அறுக்குறது அதக் கொண்டு வந்த ஆளு, ஆசாரியன் வேலை அந்த ரத்தத்த எடுத்து பலிபீடத்துல தெளிக்கிறதுல ஆரம்பிக்குது, லேவியராகமம் 1:5. வருஷத்துக்கு ஒருநாள், பாவநிவிர்த்தி நாள்ல, பிரதான ஆசாரியன் தனியா திரைக்குள்ள போவான், முதல்ல தூபப் புகை, அப்புறம் தனக்காக காளையோட ரத்தம், அப்புறம் ஜனங்களுக்காக ஆட்டுக்கடாவோட ரத்தம், கிருபாசனத்து (உடன்படிக்கைப் பெட்டியோட மூடி) முன்னாடி ஏழு தடவ தெளிக்கணும். உச்சம் உள்ள போறதுல இருக்கு. எபிரெயர் ஆசிரியர் இத அப்படியே எடுத்து சிலுவை, உயிர்த்தெழுதல், பரமேறுதல் மூணையும் ஒரே நாள் சடங்கா வாசிக்கிறார். வெளியில சாவு, உள்ள பிரவேசம். அந்த உள்ளங்கறது எருசலேம் கட்டடம் இல்ல, பரலோகம், 9:24. கவனிச்சுப் பாத்தா நிருபம் முழுக்க ஆலயம்ங்கற வார்த்தையே அவர் பயன்படுத்தல, எல்லாமே வனாந்தரத்துக் கூடாரம் தான். எருசலேம் ஆலயம் அப்போ நின்னுச்சா இடிஞ்சிடுச்சாங்கற சண்டை இன்னும் தீரல, பலி செலுத்துறாங்கன்னு நிகழ்காலத்துல எழுதியிருக்கறதால 70-க்கு முன்னன்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா 70-க்கு அப்புறம் எழுதின யோசேப்பஸும் நிகழ்காலத்துல தான் எழுதுறார், அதனால அது பிடிமானமான ஆதாரம் இல்ல.

இடையில ஒண்ணு, பிரதான ஆசாரியன் கால்ல கயிறு கட்டி உள்ள அனுப்புவாங்க, மணிச்சத்தம் நின்னா செத்துட்டான்னு இழுத்துடுவாங்கன்னு ஒரு கதை எல்லா கன்வென்ஷன்லயும் வரும். வேதாகமத்துல இல்ல, பழைய யூத சட்டத் தொகுப்பான மிஷ்னாவுலயும் இல்ல, இடைக்கால யூத நூல்ல தான் அந்த மாதிரி ஒண்ணு தலைகாட்டுது. தவிர அந்த நாள்ல அவன் போடுறது மணி வச்ச அங்கி இல்ல, வெறும் சணல்நூல் உடுப்பு, லேவியராகமம் 16:4. மணியே இல்லாதப்போ சத்தம் எங்க நிக்கும்.

உண்மையான தகராறு எங்கன்னா, கிறிஸ்து தன்ன எங்க செலுத்தினார், சிலுவையிலயா பரலோகத்துலயா. சிலுவைதான் பலிபீடம், அங்கயே எல்லாம் முடிஞ்சது, பரலோகத்துல அதோட பலன் தான்னு சீர்திருத்த மரபு சொல்லும். 16-ஆம் நூற்றாண்டுல சோசினஸ் அவர் ஆசாரியரானதே பரலோகத்துல தான்னு சொன்னார், அதுக்குக் காரணம் சிலுவைய பரிகார பலியா அவர் ஏத்துக்கல, அதனால அந்தக் கருத்தே ரொம்ப நாள் கெட்ட பேரோட கிடந்துச்சு. சமீப வருஷங்கள்ல சோசினஸோட காரணம் இல்லாமலே, லேவியராகமத்த ஒழுங்கா வாசிச்சா செலுத்துதல் பரலோகத்துல தான் நடக்குதுன்னு பல ஆய்வாளர்கள் வாதாடுறாங்க. எனக்கு முன்ன இதுல வேற கருத்து இருந்துச்சு, இப்போ ரெண்டையும் பிரிக்கறதே தப்புன்னு நினைக்கிறேன், வாசல்ல அறுத்தத உள்ள கொண்டு போனா அது ரெண்டு பலி ஆகுமா. ஆனா இது என் வாசிப்பு, சபையோட தீர்மானம்னு எடுத்துக்காதீங்க.

இதுல இருந்து தான் கத்தோலிக்க, புரொட்டஸ்டண்ட் பிரிவும் வருது. ஒரேதரம்னு நிருபம் திரும்பத் திரும்ப சொல்லுது. தினமும் ஆசாரியர்கள் நின்னுக்கிட்டே வேலை செய்யுறாங்க, இவரோ ஒரே பலிய செலுத்திட்டு உக்காந்துட்டார்னு 10:11-12. கூடாரத்துல மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, ஆசாரியனுக்கு நாற்காலி கிடையாது, அதனால உக்காந்தார்ங்கற ஒரு வார்த்தையிலயே வேலை முடிஞ்சதுன்னு வந்துடுது. அப்போ திருப்பலி என்னன்னு லூத்தர் கேட்டார். 1562-ல கத்தோலிக்க சபையோட திரெந்து சங்கம் அது சிலுவைப் பலிக்குப் போட்டியா இன்னொரு பலி இல்ல, அதே பலிப்பொருள், அதே குரு, செலுத்துற விதம் மட்டும் வேறன்னு பதில் சொல்லுச்சு. கத்தோலிக்கர் இயேசுவ தினமும் திரும்ப பலியிடறாங்கன்னு நம்ம ஆளுங்க மேடையில சொல்றது அதனால நியாயம் இல்ல, அவங்க போதனை அது இல்ல. ரோமத் திருப்பலி மன்றாட்டுல மெல்கிசேதேக்கோட பேரு இன்னிக்கும் வருது, அவர் கொண்டு வந்த அப்பமும் ரசமும் நற்கருணைக்கு முன்னடையாளம்னு அவங்க வாசிக்கிறாங்க. விசித்திரம் என்னன்னா எபிரெயர் ஆசிரியர் மெல்கிசேதேக்குப் பத்தி அவ்வளவு பேசியும் அந்த அப்பத்தையும் ரசத்தையும் தொடவே இல்ல. ஏன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல.

உக்காந்துட்டார்னா சும்மா இருக்காரான்னு அடுத்த கேள்வி வரும். 7:25 நமக்காக வேண்டுதல் செய்ய எப்பவும் உயிரோட இருக்கார்னு சொல்லுது. பிதா கோவமா இருக்கார், குமாரன் கால்ல விழுந்து கெஞ்சிக்கிட்டிருக்கார்னு ஒரு படம் நம்ம பாட்டுலயும் ஜெபத்துலயும் நிறைய இருக்கு, அது சரியில்லன்னு சீர்திருத்தவாதி கால்வினே ரோமர் 8:34 விளக்கத்துல எச்சரிக்கிறார், முழங்கால்ல நின்னு கைய விரிச்சு மன்றாடறவரா கற்பனை பண்ணாதீங்கன்னு. சிங்காசனத்துல உக்காந்த ஆசாரியர் வேண்டுறது வாசல்ல நிக்கிற மனுதாரர் வேண்டுற மாதிரி இருக்காது. அதே சமயம் இவர் நம்ம கஷ்டம் தெரியாத பெரிய மனுஷனும் இல்ல, பலத்த சத்தத்தோடயும் கண்ணீரோடயும் ஜெபம் பண்ணார்னு 5:7 சொல்லுது, சோதிக்கப்பட்டவர்னு 4:15 சொல்லுது. ஆசாரியனுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டணும், ஜனங்க பக்கமும் தேவன் பக்கமும். இந்த ஆசாரிய வேலையத் தான், பலி செலுத்துறதோட பரிந்து பேசுறதும் சேந்தது, கால்வின் தன் இன்ஸ்டிட்யூட்ஸ் நூலோட 1559 பதிப்புல தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜாங்கற மூணு உத்தியோகத்துல ஒண்ணா ஒழுங்குபடுத்தினார். அந்த மூணும் அவர் கண்டுபிடிப்பு இல்ல, நாலாம் நூற்றாண்டுலயே சபை வரலாறு எழுதின எயுசேபியஸ் சொல்லியிருக்கார்.

இப்ப உங்க பாஸ்டர். மெல்கிசேதேக்கு முறைமையில இன்னொரு ஆள் வர முடியாதுங்கறது தான் 7-ஆம் அதிகாரத்தோட வாதமே. சாகாத ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காந்துட்டார், காலியிடம் இல்ல, 7:24 மாறிப்போகாத ஆசாரியத்துவம்னு சொல்லுது. விசுவாசிகள் எல்லாருமே ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்னு 1 பேதுரு 2:9 சொல்லுது, அந்தக் கணக்குல உங்க பாஸ்டர் ஆசாரியன் தான், சபையில பாய் விரிக்கிற அம்மாவும் அதே அளவு ஆசாரியர், நீங்களும். குருக்களுக்கு தனியா ஒரு ஆசாரியத்துவம் உண்டுன்னு கத்தோலிக்க சபை சொல்லுது, 1964-ல இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அத உறுதியா சொல்லுச்சு, ஆனா அவங்க கூட அது கிறிஸ்துவோட ஒரே ஆசாரியத்துவத்துல பங்குன்னு தான் சொல்றாங்களே தவிர தனி வாரிசுன்னு சொல்லல. பெந்தெகோஸ்தே மேடையில நின்னுக்கிட்டு கத்தோலிக்கரே கேக்காத அளவுக்கு கேக்குறது எனக்கு ஆச்சரியமா இருக்கு. தசமபாகம் அந்த அதிகாரத்துல வர்றது மெல்கிசேதேக்கு எவ்வளவு பெரியவர்னு காட்ட, யாரு யாருக்கு கொடுக்கணும்னு சட்டம் போட இல்ல. ஆபிராம் கொடுத்ததும் 7:4 படி கொள்ளைப் பொருள்ல இருந்து, ஒரே தடவ, மாசச் சம்பளத்துல இருந்து இல்ல. நீங்க சபைக்கு கொடுக்காதீங்கன்னு நான் சொல்லல, ஊழியனுக்கு கூலி உண்டுன்னு பவுல் 1 கொரிந்தியர் 9-ல தனியாவே வாதாடியிருக்கார், கேக்கணும்னா அந்த இடத்துல இருந்து நேர்மையா கேக்கலாம். சண்டை போடாம, ஒருநாள் ஆராதனை முடிஞ்சு தனியா உக்காந்து 7:23-24-ஐ அவரையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, என்ன சொல்றார்னு இங்க வந்து எழுதுங்க.